சோலார் பம்ப்: எச்.பி.யில் அல்ல, தண்ணீரில் தொடங்குங்கள்

சோலார் பம்ப் போடலாமா என்று யோசிக்கும் விவசாயி முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி. போடலாம்?" என்பதுதான். கரன்ட் மோட்டாரோடு பழகிய பழக்கத்தில் வரும் கேள்வி. பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. ஓடினால் நாமும் 5, போர் (ஆழ்துளைக் கிணறு) இன்னும் ஆழமென்றால் ஏழரை என்று முடிவு செய்துவிடுவோம். மின்கம்பியில் வரும் மின்சாரத்துக்கு அந்தக் கணக்கு போதும். ஸ்டார்டரை அழுத்தியதிலிருந்து நிறுத்தும்வரை மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும்.

வெயில் அப்படி வருவதில்லை. காலையில் கொஞ்சம் வரும், உச்சிப்பொழுதில் நிறைய வரும், மாலையில் மறுபடி குறையும். நடுவில் ஒரு மேகம் கடந்தால் பாதியாகும். அதனால் சோலாரில் முதல் கேள்வியே வேறு. ஒரு நாளைக்கு என் பயிருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? அது எத்தனை அடி ஆழத்திலிருந்து ஏறி வர வேண்டும்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பேனல் எவ்வளவு, மோட்டார் எந்த வகை, தொட்டி வேண்டுமா என்பதெல்லாம் அடுத்தடுத்துத் தெளிவாகும். விடை தெரியாமல் எச்.பி.யை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான், "பேனல் பளபளவென்று நிற்கிறது, தண்ணீர்தான் போதவில்லை" என்று பிறகு வருந்துகிறார்கள்.

வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம்

பேனலுக்குள் இருப்பது சிலிக்கான். அதன்மேல் வெளிச்சம் பட்டதும் உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் நகர்கின்றன. அந்த நகர்வுதான் மின்சாரம். இது நேர்மின்சாரம், அதாவது டி.சி. வீட்டுக்கு மின்வாரியம் தருவது மாறுமின்சாரம், அதாவது ஏ.சி.

இதில் பலரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. கத்திரி வெயிலில்தான் பேனல் அதிகம் உழைக்கும் என்று எண்ணுகிறோம். பேனலுக்குத் தேவை வெளிச்சம் மட்டுமே. சூடு அதற்கு எதிரி. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, பேனல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மாத உச்சிவெயிலில் அதே பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறன் குறைவதால், அந்த நேரத்தில் ஏழில் ஒரு பங்கு வரை காணாமல் போகும். தை, மாசியில் வானம் தெளிந்து காற்றும் குளிர்ந்திருக்கும் நாட்களில் பேனல் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். பேனலைத் தரையோடு ஒட்டி வைக்காமல் உயரமான தாங்கியில் நிறுத்துவதற்கும் இதுவே ஒரு காரணம். கீழே காற்றோட்டம் இருந்தால் சூடு தணியும்.

ஒரு கிலோவாட் பேனல் தமிழ்நாட்டு வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். அரசுத் திட்டத்தில் 5 எச்.பி. பம்புக்கு 4,800 வாட் பேனல் என்பது கணக்கு. இப்போது கிடைக்கும் 540 வாட் பேனலாக இருந்தால் ஒன்பது வேண்டும். அரை சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதலான இடம் பிடிக்கும். அதிலிருந்து நாளொன்றுக்கு 20 யூனிட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பங்குனியில் கூடும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெகுவாகக் குறையும். அப்போது வயலுக்கு மோட்டார் தண்ணீரும் அதிகம் தேவைப்படாது என்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. தண்ணீர் அதிகம் வேண்டிய மாதங்களில் வெயிலும் அதிகம் இருப்பது பாசனத்துக்குக் கிடைத்த நல்ல பொருத்தம்.

காலையில் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது

பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் கன்ட்ரோலர். பேனலிலிருந்து அந்த நொடியில் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவையும் கறந்து, அதற்கேற்ற வேகத்தில் மோட்டாரைச் சுற்ற வைப்பது அதன் வேலை. வெயில் ஏறினால் வேகம் ஏறும், மேகம் வந்தால் வேகம் இறங்கும். மோட்டார் நின்று நின்று ஓடாமல் மெதுவாக ஏறி இறங்குவதால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி (காயில்) புகையும் தொல்லை குறைவு. கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானே நிறுத்திக்கொள்ளும் வசதியும் இதற்குள்ளேயே இருக்கும்.

புதிதாகப் போட்டவர்கள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்ப்பார்கள். கன்ட்ரோலர் திரையில் மோட்டார் ஓடுவதாகக் காட்டும், குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. பழுது என்று பயந்து போன் செய்வார்கள். பழுது எதுவும் இல்லை. பம்பு தண்ணீரைத் தூக்கும் உயரம், அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முழு வேகத்தில் 200 அடி தூக்கும் பம்பு, பாதி வேகத்தில் 100 அடி தூக்காது, 50 அடிதான் தூக்கும். ஆகவே குழாய்க்குள் தண்ணீர் ஏதோ ஓர் உயரம்வரை ஏறி அங்கேயே நிற்கும். வெயில் இன்னும் ஏறி, வேகம் ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே வெளியே கொட்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். தண்ணீர் மேலாக இருந்தால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வரக்கூடும். ஆழம் கூடக் கூட அந்த நேரம் இரண்டு பக்கமும் சுருங்கும். பொருத்தமில்லாத பம்பாக இருந்தால் பதினொன்று முதல் இரண்டு வரை மட்டுமே தண்ணீர் வரும் நிலையும் உண்டு. பேனலைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் இந்த நேரம் நீளும். மோட்டாரின் எச்.பி.யைக் கூட்டினால் நீளாது.

ஒரு யூனிட்டில் எவ்வளவு தண்ணீர்?

இனி முக்கியமான கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்தில் உள்ள ஆற்றல் முழுவதும் வீணாகாமல் வேலை செய்தால், 1,000 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 1,200 அடி தூக்கலாம். பம்பு, மோட்டார், குழாயின் உராய்வு என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக, நம் கைக்கு வருவது மூன்றில் ஒன்று. ஆகவே இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு யூனிட், ஆயிரம் லிட்டர், நானூறு அடி.

ஆழம் பாதியானால் தண்ணீர் இரட்டிப்பாகும். நாளொன்றுக்கு 20 யூனிட் தரும் 5 எச்.பி. அமைப்பு, 400 அடியிலிருந்து 20,000 லிட்டர் தரும், 200 அடியிலிருந்து 40,000, 100 அடியிலிருந்து 80,000. பம்பும் அந்தந்த ஆழத்துக்கு ஏற்றதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். நூறு அடிக்கு வடிவமைத்த பம்பை இருநூறு அடியில் தொங்கவிட்டால் ஒன்றும் நடக்காது.

இங்கே ஆழம் என்பது போரின் ஆழம் அல்ல. 400 அடி போர் போட்டிருப்பார், மோட்டாரை 300 அடியில் தொங்கவிட்டிருப்பார். மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு உள்ளே தண்ணீர் மட்டம் 180 அடியில் நிற்கும். தூக்க வேண்டிய உயரம் அந்த 180 அடிதான். அதோடு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினால் தொட்டியின் உயரத்தையும், நீண்ட குழாய் என்றால் உராய்வுக்குக் கொஞ்சத்தையும் சேர்க்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் நேராக இணைத்தால் அந்த அழுத்தத்துக்காக இன்னும் 33 அடிக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் கோடையில் அளந்து பாருங்கள். மார்கழியில் அளந்தால் அது உங்களை ஏமாற்றிவிடும்.

அடுத்து, பயிரின் தேவை. கோடையில் பெரும்பாலான தோட்டப் பயிர்கள் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீரை வெளியிடுகின்றன. ஓர் ஏக்கருக்கு இது 20,000 லிட்டர். நெல் வயலில் தண்ணீர் கீழே இறங்குவதையும் சேர்த்து இதைப்போல் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 40,000 லிட்டர் என்று வைக்கலாம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் விடை எப்படி மாறுகிறது என்பது விளங்கும். தஞ்சை, நாகைப் பகுதிகளில் ஃபில்டர் பாயின்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) வைத்து நெல் விளைவிப்பவருக்குத் தண்ணீர் 40 அடியில் கிடைக்கிறது என்று வைப்போம். 20 யூனிட்டில் இரண்டு லட்சம் லிட்டர் வரும். ஐந்து ஏக்கர் நெல்லைத் தாங்கும். மேட்டூர் திறப்பது தள்ளிப்போகும் ஆண்டில் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்ற இதைவிட நல்ல துணை இல்லை.

பல்லடம், காங்கயம் பக்கம் போனால் கதை வேறு. தண்ணீர் 800 அடியில் இருந்தால் அதே 20 யூனிட்டுக்கு 10,000 லிட்டர்தான். அந்த ஆழத்துக்கு 5 எச்.பி. மோட்டாரே எடுபடாமல் போகவும் கூடும். ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 80 லிட்டர் என்றால் 125 மரம், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. மஞ்சளோ வாழையோ அரை ஏக்கர்தான். இவ்வளவு ஆழமுள்ள இடத்தில் சோலாரை மட்டும் நம்பி விவசாயம் செய்யலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

இவற்றுக்கு நடுவே இருக்கிறது விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் திறந்த கிணறு. 60, 70 அடியில் தண்ணீர், மணிலாவும் (நிலக்கடலை) காய்கறியும் பயிர். சோலாருக்கு இது மிகப் பொருத்தமான இடம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே வைக்கும் மோனோபிளாக் மோட்டார் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உறிஞ்சாது, அது காற்றழுத்தத்தின் எல்லை. அதைவிட ஆழத்தில் தண்ணீர் இருந்தால் நீர்மூழ்கி மோட்டார்தான் வேண்டும்.

ஊற்றுக் குறைவான போர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கரன்ட் மோட்டார் அரை மணியில் போரை வற்றவைத்துவிட்டு நிற்கும், மறுபடி ஊற இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிறிய சோலார் பம்பு மெதுவாக, பகல் முழுவதும், ஊறுகிற அளவுக்கே எடுக்கும். நாள் முடிவில் கிடைக்கும் மொத்தத் தண்ணீர் குறையாது, பல நேரம் கூடவே இருக்கும்.

பேட்டரி வேண்டாம், தொட்டி கட்டுங்கள்

"ராத்திரிக்கு பேட்டரியில் சேமிக்கலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் பெயரளவுக்கு 1.8 யூனிட் இருக்கும். அது சீக்கிரம் கெடாமலிருக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும். 20 யூனிட்டைச் சேமிக்க இருபதுக்கு மேல் பேட்டரி வேண்டும். நான்கைந்து ஆண்டில் எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டும். பாசனத்துக்கு இது கட்டுப்படியாகாது.

சேமிக்க வேண்டியது தண்ணீரை. சிமென்ட் தொட்டி, தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை, எது முடிகிறதோ அது. தொட்டி இருந்தால், மேகம் வந்து போகும்போது மடையில் தண்ணீர் கூடிக் குறைவது பயிரைப் பாதிக்காது. காலை முதல் சேர்ந்த தண்ணீரை மாலையில் ஒரே வீச்சில் வாய்க்காலில் விடலாம். கடைமடைவரை போய்ச் சேரும். மெல்லிய ஓட்டத்தை நேராக மண்வாய்க்காலில் விட்டால் பாதி தூரத்திலேயே மண் குடித்துவிடும்.

சோலாரும் சொட்டுநீரும் சேர்ந்தால் எடுக்கும் தண்ணீர் அத்தனையும் வேருக்குப் போகும், சின்னப் பேனலே போதும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைப்பு முழு மானியத்தில் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். நான் கேட்டால், சோலாருக்கு மனு கொடுக்கும் முன்பே இதற்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன். சொட்டுநீருக்குச் சீரான அழுத்தம் வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். போரிலிருந்து நேராக இணைத்தால் வெயில் குறையும்போது வரிசையின் கடைசிச் செடிகள் காயும். தரைத்தொட்டியில் நிரப்பி, அதிலிருந்து ஒரு சிறிய மோட்டாரால் தள்ளுவது நல்லது. அல்லது அழுத்த வேறுபாட்டைத் தாங்கும் சொட்டுவான்களைக் கேட்டு வாங்கலாம்.

இரவில் டார்ச் விளக்கோடு தண்ணீர் கட்டப் போகும் வேலை இதனால் ஒழிகிறது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் வரப்பில் நிற்க வேண்டியிருந்த காலத்தில் எத்தனை பேர் பாம்புக்கடிக்கு ஆளானார்கள் என்பதைக் கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோலாரின் லாபக் கணக்கில் இதை யாரும் ரூபாயாகப் போடுவதில்லை. எனக்கு இதுதான் முதல் லாபமாகத் தெரிகிறது.

யாருக்கு லாபம், யாருக்கு இல்லை

தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்பு ஏற்கெனவே இருந்து, நல்ல மும்முனை மின்சாரமும் வந்துகொண்டிருந்தால், தனித்து இயங்கும் சோலார் பம்பினால் கையில் மிச்சமாகும் பணம் எதுவும் இல்லை. இதை மறைத்துப் பேசுவது சரியல்ல. விற்பவர்கள் "கரன்ட் பில்லே இல்லை" என்று சொல்லும்போது, உங்களுக்கு ஏற்கெனவே பில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

லாபம் தெளிவாகத் தெரிவது இரண்டு பேருக்கு. ஒருவர், இலவச இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் வரிசையில் காத்திருப்பவர். இன்னொருவர் டீசல் இன்ஜின் ஓட்டுபவர். 5 எச்.பி. இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு நூறு நாள் என்றால் 600 லிட்டர். மானியம் போக நீங்கள் போடும் பங்குத்தொகை சில ஆண்டுகளில் திரும்பிவிடும். பேனலுக்குத் தயாரிப்பாளர்கள் தருவது பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதம்.

தனித்து இயங்கும் பம்பில் ஒரு வீணும் இருக்கிறது. ஆண்டில் பாதி நாட்களுக்கு மேல் வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாது. அப்போது பேனல் சும்மா நிற்கும். இதற்குத்தான் யுனிவர்சல் கன்ட்ரோலர் என்று ஒரு வகை வந்திருக்கிறது. மோட்டார் ஓடாத நேரத்தில் அதே பேனலால் தீவனப்புல் வெட்டும் எந்திரத்தையும் மாவு மில்லையும் ஓட்டலாம். வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள்.

இன்னும் பெரிய வழி, மிச்சமான மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்பது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் துணை நின்றது. டீசலில் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சோலார் பம்புகளை ஒன்றாக இணைத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனம் போக மிஞ்சியதை அந்தப் பகுதி மின் நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். பதிலுக்கு, மானிய விலை மின் இணைப்பு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். வெயிலையும் ஒரு பணப்பயிராக விளைவிக்கலாம் என்று கூட்டாகச் செய்து காட்டிய இடம் துண்டி.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அது காட்டியது. எவ்வளவு இறைத்தாலும் செலவில்லை என்றால் நிலத்தடி நீரை யாரும் கணக்குப் பார்த்து எடுப்பதில்லை. வெயில் இலவசம் என்பதால் சோலாரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். விற்க ஒரு வழி இருந்தால், தேவையில்லாமல் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கையை விட்டுப் போகும் பணம் என்று தெரியும், மோட்டாரைத் தானே நிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் கணக்கிடப் பிரித்திருக்கும் பகுதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் இடம். அப்படிப்பட்ட பகுதிகளில் புதிய போருக்குச் சோலார் பம்ப் மானியம் கிடைப்பது கடினம். பழைய டீசல் பம்பை மாற்ற, அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தோடு என்றால் வழியுண்டு. இந்தக் கட்டுப்பாட்டைத் தொல்லையாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நம் பேரப்பிள்ளைகளின் தண்ணீர் என்பதால் நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன்.

நிறுத்தும்போது பார்க்க வேண்டியவை

பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். சாய்வு 10 முதல் 15 டிகிரி. நம் நிலப்பரப்பு 8 முதல் 13½ டிகிரி வடக்கே இருப்பதால் இந்தச் சாய்வு வெயிலுக்கும் பொருந்தும், மழை பெய்தால் தூசியும் தானே வழிந்துபோகும்.

நிழல்தான் பெரிய எதிரி. பேனல்கள் வரிசையாகத் தொடுத்தே இணைக்கப்படுகின்றன. ஓஸ் பைப்பில் ஓரிடத்தில் மிதித்தால் பைப் முழுவதும் ஓட்டம் குறைவதைப்போல, ஒரு பேனலின் மூலையில் தென்னை ஓலை நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் பாதிக்கப்படும். இதைச் சமாளிக்கப் பேனலுக்குள்ளேயே டயோடுகள் உண்டு, ஆனாலும் இழப்பு இழப்புதான். தோப்புக்காரர்கள் இடம் பார்க்கும்போது காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் போய் நின்று பாருங்கள், மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது நிழல் எங்கே விழும் என்றும் யோசியுங்கள். இன்று இடுப்பளவு நிற்கும் தேக்குக் கன்று ஐந்து ஆண்டில் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான்.

கடற்கரை மாவட்டங்களில் அடித்தளத்தில் கஞ்சம் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வயதான தென்னைகளையே வேரோடு சாய்த்தது. விரித்து வைத்த பேனல் காற்றுக்குப் பாய்மரம் போன்ற பரப்பு. கான்கிரீட் குழியின் ஆழத்தையும் போல்ட்டின் கனத்தையும் வேலை நடக்கும்போதே நின்று பாருங்கள்.

கழுவுவது எளிது, ஆனால் நேரம் பார்த்துக் கழுவ வேண்டும். விடியற்காலையிலோ மாலையிலோ மென்மையான துணியால் துடைக்கலாம். உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் போர் என்றால் அந்தத் தண்ணீரைப் பேனலில் காயவிடாதீர்கள். வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

வீட்டில் குழந்தைகளுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். கன்ட்ரோலரை நிறுத்தினாலும் இருக்கும். வரிசையாகத் தொடுத்த பேனல்களில் அது சில நூறு வோல்ட் நேர்மின்சாரம். எலி கடித்த கம்பியைக் கையால் தொட்டுச் சரிசெய்யப் பார்ப்பது உயிருக்கு உலை. நில இணைப்பும் (எர்த்) இடிதாங்கியும் வரைபடத்தில் மட்டும் இல்லாமல் நிலத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

காயவைக்கவும் காவலுக்கும்

பாசனம் தவிர இரண்டு வேலைகளுக்கு வெயில் இப்போதே நன்றாகப் பயன்படுகிறது. ஒன்று சூரியக்கூடார உலர்த்தி. பாலிகார்பனேட் தகடு போர்த்திய கூடாரத்துக்குள் கொப்பரையையோ மிளகாயையோ பரப்பினால், வெளியைவிடச் சூடு கூடி, தூசியும் மழையும் படாமல் காய்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாயைச் சாலையோரத்தில் காயவைத்து, திடீர் மழையில் பாதியை இழந்து, மீதியை நிறம் மங்கிய சரக்காகக் குறைந்த விலைக்குக் கொடுப்பவர்களுக்கு இது பெரிய மாற்றம். இதில் மின்சாரமே அதிகம் தேவையில்லை, வெயிலின் சூடுதான் வேலை செய்கிறது. பேனலுக்கு ஆகாத சூடு இங்கே மூலதனம்.

இன்னொன்று சோலார் வேலி. சிறிய பேனல் ஒரு பேட்டரியை நிரப்பும். அதிலிருந்து ஒரு கருவி நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு, உயர்ந்த மின்னழுத்தத்தைக் கம்பியில் அனுப்பும். காட்டுப்பன்றி தொட்டால் அதிர்ந்து ஓடும், சாகாது. வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பதோ குற்றம், கொலையிலும் முடியும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்கு அருகில் நிலம் உள்ளவர்கள் வேலி போடும் முன் வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

மானியமும் மனுவும்

மத்திய அரசின் பி.எம்.குசும் திட்டம் 2019இல் வந்தது. அதில் மூன்று பிரிவுகள். தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை மின் நிலையம் அமைப்பது முதல் பிரிவு. மின் இணைப்பில்லாத இடத்தில் தனித்து இயங்கும் பம்பு இரண்டாவது. ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்பைச் சோலாரோடு சேர்ப்பது மூன்றாவது. பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு வேண்டியது இரண்டாவது. அதில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் தரும், மீதி விவசாயியின் பங்கு. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினரைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. விலையும் மானிய அளவும் அவ்வப்போது மாறும் என்பதால் மனு கொடுக்கும் நாளில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. கோட்ட அளவில் இருக்கும் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்குச் சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு, குறு விவசாயி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றோடு போனால் போதும். வேளாண் திட்டங்களைப் பற்றி உழவன் செயலியிலும் பார்க்கலாம்.

அங்கே மூன்று கேள்விகளைக் கேட்காமல் வராதீர்கள். இலவச மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிந்திருந்தால், சோலார் எடுத்தபின் அந்த முன்னுரிமை என்ன ஆகும்? ஐந்து ஆண்டுப் பராமரிப்பில் மோட்டாரும் கன்ட்ரோலரும் இரண்டுமே அடங்குமா, பழுதென்றால் எத்தனை நாளில் ஆள் வருவார், அவர் எந்த ஊரிலிருந்து வருவார்? இந்த ஆழத்தில் நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் வரும் என்பதை எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு நிறுவனத்துக்காரர் தயங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். எத்தனை அடிக்கு எத்தனை லிட்டர் தர வேண்டும் என்று மத்திய அரசின் அளவுகோல் தெளிவாகவே இருக்கிறது. அந்த எண்கள் நல்ல வெயில் நாளுக்கு, பேனலைச் சூரியன் போகும் பக்கம் திருப்பி வைத்து அளந்தவை. அதனால் நம் நானூறு அடிக் கணக்கைவிட அவை கூடுதலாகவே தெரியும்.

போனில் வரும் அழைப்புகளிலும் கவனம் வேண்டும். பி.எம்.குசும் பெயரிலேயே போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் என்று பணம் பறிப்பதாக மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. யாராவது ஒரு லிங்க் அனுப்பி உடனே பணம் கட்டச் சொன்னால், கட்டாதீர்கள். பங்குத்தொகையை எப்போது, யார் பெயரில், எந்த முறையில் செலுத்துவது என்பதை அதே உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டபிறகே பணத்தை எடுங்கள்.